ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்தில் குண்டு போடமாட்டான்

ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு போடமாட்டான் என்று நான் நம்பினேன். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை, நானாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது. அவனுக்கு வேண்டியது துறைமுகம், எண்ணெய் டாங்கி, ரயில் பாலம். மேலேயிருந்து பார்க்கும்போது ஓட்டுக் கூரையும் நாலு பூவரச மரமும் சிலேட்டு காயவைத்த முற்றமும் தெரிந்தால், ‘சரி, பிள்ளைகள் படிக்கட்டும்’ என்று இறக்கையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். இந்த ஒரு நம்பிக்கையில்தான் நான் வாத்தியார் ஆனேன். அறிவுத் தாகத்தால் ஆனவர்கள் உண்டு, அப்பா வாத்தியார் என்பதால் ஆனவர்கள் உண்டு. நான் பதுங்க இடம் தேடி ஆனவன். அந்தப் பள்ளிக்கூடம் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

அதற்கு முன்னால் நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். பெயர்தான் பெரிது. கிரேன் ஒரு தூக்குத் தூக்கி இறக்கும்; அதில் எத்தனை மூட்டை என்று வெயிலில் நின்று சத்தமாக எண்ணிக் கோடு போடவேண்டும். எதிரே கப்பல்காரனுடைய ஆள் ஒருவனும் எண்ணுவான். இருவர் கணக்கும் ஒத்துப்போகவேண்டும். ஒரு மூட்டை குறைந்தாலும் அன்றைக்கு ராயபுரம் முழுக்க என் பேச்சுதான். யுத்தம் வந்தது. சிங்கப்பூர் போயிற்று, ரங்கூன் போயிற்று, பர்மா அரிசி நின்றது. அடுத்தது நம் ஊர்தான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. பெட்டி படுக்கை, தையல் மிஷின், கிளிக்கூண்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஜட்கா வண்டிகள் ஸ்டேஷனைப் பார்த்துப் போயின. என் மனைவியைப் பிரசவத்துக்கு என்று மாசி மாதமே செய்யாறு பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டேன். நானும் போயிருக்கலாம். ஆனால் வேலையை விட்டு ஓடிவந்த மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் இரண்டாவது தோசை விழாது. என் மாமனார் அப்படிப்பட்டவர்.

தினமும் கிரேனுக்குக் கீழே நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எண்ணியதில் ஒரு நாள் மூட்டைகளோடு இரண்டு கொக்கையும் சேர்த்து எண்ணிவிட்டேன். இனி இங்கே இருந்தால் ஜப்பான்காரனுக்கு முன்னால் மேஸ்திரியே என்னைக் கொன்றுவிடுவான் என்று புரிந்தது.

அப்போதுதான் மண்டிக்காரர் கூப்பிட்டனுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் அரிசி மண்டி வைத்தவர். புண்ணியத்துக்கோ பெருமைக்கோ காசிமேட்டுப் பக்கம் மீனவர் தெருவில் சர்க்கார் உதவியோடு ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடமும் நடத்திவந்தார். வாத்தியார் மூன்று பேரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மண்டிக்குள்ளே போனபோது அவரும் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன வே, எத்தனை படிச்சிருக்கீரு?”

“எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன்.”

“பாஸா?”

“எழுதினேன்.”

“அது போதும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தா சர்க்கார் அங்கீகாரத்த எடுத்துப்போடுவான். நீரு திறந்து வச்சு உக்காந்திரும். ஒரு வாரத்துல வந்துருதேன்.”

சாவியை என் கையில் போட்டார். ஒரு வாரம் கழித்து, மாப்பிள்ளை வாத்தியாராகச் செய்யாற்றுக்குப் போகலாம். தோசை நிச்சயம். பட்டணமே காலியாகும்போது பிள்ளைகள் எங்கே இருக்கப்போகிறார்கள், காலி வகுப்பில் காலை நீட்டி உட்காரலாம் என்று போய்க் கதவைத் திறந்தேன்.

காலியானது பட்டணம்தான். மீனவர் தெரு காலியாகவில்லை. சமுத்திரத்தை மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவார்கள்? ஆண்கள் கட்டுமரத்தில், பெண்கள் கரையில் ஏலத்தில், அதற்குப் பிறகு கூடையோடு ஊருக்குள். வாத்தியார்கள் ஓடிய நாளிலிருந்து பிள்ளைகள் அலையில் கிடந்தன. கதவு திறந்தது என்ற சேதி எப்படிப் போயிற்றோ, அரை மணியில் கூடம் நிறைந்துவிட்டது. நடக்கிறது, தவழ்கிறது, இடுப்பில் இருக்கிறது எல்லாம் வந்தன. ஒரே கதவு, மரக்கம்பி வைத்த இரண்டு ஜன்னல், ஒரு மேஜை, நான்.

என்ன சொல்லிக்கொடுப்பது? எனக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். எண்ணினேன். எங்கள் பக்கத்தில் எண்ணத் தொடங்கும்போது ‘ஒன்று’ என்று சொல்வதில்லை. படியில் அரிசி அளக்கிறவர், மீனைக் கூறுபோடுகிறவள், மூட்டை எண்ணுகிற நான், எல்லோருக்கும் முதல் எண் ‘லாபம்’. வாயிலிருந்து வருகிற முதல் சொல் நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்திலிருந்து வருகிற பழக்கம். நான் துறைமுகக் குரலில் “லாபம்” என்றேன். கூடம் முழுக்க “லாபம்” என்றது. “ரெண்டு” என்றேன். “ரெண்டு.” கிரேன் சத்தம் இல்லாததுதான் குறை. கரும்பலகையில் 1 என்று போட்டு லாபம் என்று படித்தோம். அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, முக்கியமாக எனக்கு.

ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. மண்டிக்காரர் வரவில்லை. செய்யாற்றிலிருந்து கார்டு வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம், மாப்பிள்ளை எப்போது வருகிறார்? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் குண்டு விழுந்துவிடும் என்று அடித்துச் சொல்லியது உள்ளே ஒரு குரல். லாரி போனால் விமானம். தகரக் கதவைச் சாத்தினால் குண்டு. மில்லில் மதியச் சங்கு ஊதினால் நான் மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, கீழே விழாத சாக்குக்கட்டியைத் தேடுவேன்.

ஒரு காலை பள்ளிக்கூடத்தைத் திறக்காமலே பெட்டியை எடுத்துக்கொண்டு டிராமுக்கு நின்றேன். டிராம் வந்தது, ஆட்கள் திராட்சைக் குலைபோல் தொங்கினார்கள். அடுத்தது வரட்டும் என்று நின்றதுதான் நான் செய்த தப்பு. கூடைகளோடு பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் சுறா விற்கிறவள். தெருவில் எல்லோரும் அவளைச் சுறாக்காரம்மா என்பார்கள். அவள் பிள்ளைகள் இரண்டும் என் வகுப்பு. சுறாவுக்கு மேல் அவளிடம் பயம் எனக்கு.

“இன்னா வாத்தியாரே, பொட்டியோட நின்னுகினு கீற?”

“செய்யாத்துக்கும்மா. குழந்தை பிறந்திருக்கு. பார்த்துட்டு ரெண்டு நாள்ல வந்துடுவேன்.”

“இன்னா கொயந்த?”

“பொண்ணு.”

“நல்லா இருக்கட்டும். அந்த மண்டிக்காரரும் இப்டித்தான் நைனா சொல்லிகினு போனாரு, ஒரு வாரத்துல வரேன்னு. கடைப் பூட்டுல சிலந்தி வூடு கட்டிகீது.”

“குண்டு போடப் போறான்னு சொல்றாங்கம்மா.”

“போடட்டும். கடல்ல போட்டா மீனு செத்து மெதக்கும், அள்ளிக்கலாம்.”

“நம்ம மேல போட்டா?”

“அப்ப நீ செய்யாத்துல குந்திகினு இன்னா பண்ணப்போற? கருமாதிக்கு வருவியா?” கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “தபாரு வாத்தியாரே. போன மாசம் நான் ஏலத்துல கூவிகினு கீறேன், என் சின்னவன் அலையில எறங்கிட்டான். முடியப் புடிச்சி இயுத்தேன். நீ வந்தப்பாலதான் நான் திரும்பிப் பாக்காம யாவாரம் பண்றேன். வா.”

கூடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ராயபுரம் கடைத்தெரு பார்த்துக்கொண்டிருக்க, பெட்டிக்குப் பின்னால் ஆட்டுக்குட்டிபோல் நான் போனேன். “கனமா கீதே, உள்ள இன்னா, எங்க சிலேட்டா?” என்று வழியில் ஒரு கேள்வி வேறு.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. காலையில் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள், என்னையும் உள்ளே விடுவார்கள், கதவை இழுத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஏலத்துக்குப் போவார்கள். மதியம் வந்து திறப்பார்கள். ஜன்னல் வழியாகச் சோறும் குழம்பும் வரும். நான் நாலு தலைமுறையாகச் சைவம் என்பதை முதல் நாள் சொல்லிப் பார்த்தேன். “நீ சாப்புடு, நாங்க ஆர்கிட்டயும் சொல்லமாட்டோம்” என்றாள் ஒருத்தி. குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றை மென்றேன். மரக்கம்பிக்கு அப்பால் கடல், இப்பால் நான். சென்ட்ரல் ஜெயிலில்கூட உள்ளே இருக்கிறவனிடம் ‘வாத்தியாரே, மூக்கு சிந்தணும்’ என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சுவருக்கு முட்டுக்கொடுக்கிறவன்போல் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு விடுதலை தரக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான்: பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அவர் வந்து பார்த்தால், பயிற்சி இல்லை, பாஸும் இல்லை, இவன் எப்படி உள்ளே வந்தான் என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். சர்க்கார் தள்ளினால் சுறாக்காரம்மாவாலும் ஒன்றும் செய்யமுடியாது. பியூன் ஒருவன் வந்து, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஜன்னல் வழியாகச் சொன்னபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அவன் பயந்துபோனான். இன்ஸ்பெக்ஷனுக்கு நன்றி சொன்ன வாத்தியாரை அவன் பார்த்ததில்லை.

அவர் வந்தார். ஒல்லியான மனிதர், அல்பாகா கோட்டு, கையில் குடை. வெளித் தாழ்ப்பாளைத் தானே திறந்துகொண்டு வந்து நின்றார்.

“ஏன் வெளியே தாழ் போட்டிருக்கிறது?”

“பிள்ளைகள் ஓடிவிடும் சார்.”

“நீர் உள்ளே இருக்கிறீரே.”

“நானும்தான் சார்.”

புருவத்தை உயர்த்தினார். நல்ல ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன். கரும்பலகையில் 1 எழுதி, முன்வரிசையில் ஒரு பெண்ணைக் கேட்டார். “இது என்ன?”

“லாபம்.”

“இது?”

“ரெண்டு.”

“ரெண்டுக்கு முன்னால்?”

“லாபம்.”

“ஒன்று எங்கே?”

பின்னாலிருந்து ஒரு பையன் அவருக்காக இரக்கப்பட்டு விளக்கினான்: “ஒண்ணுன்னு சொல்லக்கூடாது சார். வலை காலியா வந்துரும்.”

“யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?”

அத்தனை விரல்களும் என்னைக் காட்டின. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இதோ தள்ளப்போகிறார். சாயங்காலம் ரயில், காலையில் செய்யாறு, குழந்தை என் மூக்கா அவள் மூக்கா என்று பார்க்கலாம். அவர் வாயைத் திறந்தார்.

சங்கு ஊதியது.

மில் சங்கு இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாய் அழுகிறமாதிரி. நான் எப்போது மேஜைக்குக் கீழே போனேன் என்று எனக்குத் தெரியாது. போனபோது இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே அங்கே இருந்தார். குண்டுவீச்சுப் பாதுகாப்புக்கு என்று சர்க்கார் வைத்த ஏ.ஆர்.பி. ஆள் தெருவில் வந்து சொல்லிவிட்டுப் போன பாடம் ஞாபகம் வந்தது: காதில் பஞ்சு, பல்லுக்கு நடுவில் ஏதாவது. பஞ்சு என் ஜிப்பா ஜேப்பில் எப்போதும் தயாராக இருக்கும். அவருக்குப் பாதி கொடுத்தேன். ஆளுக்கொரு சாக்குக்கட்டியைக் கடித்துக்கொண்டோம். பிள்ளைகளைச் சுவரோரம் படுக்கச் சொன்னேன். படுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து விமானம் எங்கே என்று அவை சண்டை போட்டன.

“சார்,” என்றேன், சாக்குக்கட்டியோடு, “எனக்குப் பயிற்சி இல்லை.”

“ம்.”

“எஸ்.எஸ்.எல்.சி.யும் பாஸ் இல்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன். என்னை இன்றைக்கே தள்ளிவிடவேண்டும் சார்.”

அவர் சாக்குக்கட்டியை எடுத்தார். “மிஸ்டர், இந்த வட்டாரத்தில் நான் போய்ப் பார்த்த பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் பூட்டு. பிள்ளைகள் இருக்கிற கூடம் இது ஒன்றுதான். இதுவும் இல்லை என்று எழுதினால், பார்க்கப் பள்ளிக்கூடம் இல்லாத இன்ஸ்பெக்டர் எதற்கு என்று என்னை ஏ.ஆர்.பி. வேலைக்குப் போட்டுவிடுவார்கள். விசிலை ஊதிக்கொண்டு ஹார்பர் பக்கம் திரியவேண்டும். நீர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. காதில் பஞ்சு.”

சாக்குக்கட்டியைத் திரும்பவும் கடித்துக்கொண்டார்.

நான் அழாமலிருக்க ஒரு வழிதான் இருந்தது. மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு. சுவரோரம் முழுக்க எண்ணிக்கொண்டு போனேன். காலையில் எண்ணியதற்கு ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினேன். குறைந்தது. எது என்று பார்த்தேன். சுறாக்காரம்மாவின் சின்னவனைக் காணோம். கதவு திறந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் திறந்த கதவு.

அதற்கப்புறம் நடந்ததில் வீரம் எதுவும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கணக்கில் ஒன்று குறைந்தால் டாலி கிளார்க்கின் கால் தானாக நடக்கும், அவ்வளவுதான். நடந்தது எப்போது ஓட்டமாயிற்று என்று தெரியாது. தெருவில் ஓர் ஏ.ஆர்.பி. வார்டன், “படு, படு” என்று கத்தினான். கேட்கவில்லை, காதில் பஞ்சு. வாயில் சாக்குக்கட்டியோடு மணலில் விழுந்து எழுந்து அலைவரைக்கும் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது முழங்கால் நனைந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் படுக்கவில்லை. சுறாக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாச்சு?”

“உன் சின்னவன்...” என்றேன். சாக்குக்கட்டி இரண்டாக உடைந்து விழுந்தது.

அவள் கூடையைப் போட்ட சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. அவள் கரையோரம் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தண்ணீரில் மிதக்கிற ஒவ்வொரு கட்டையும் ஒரு தலை. ஜப்பான்காரனை அந்த நேரத்தில் நான் முழுக்க மறந்துபோனேன். வந்திருந்தால் பார்த்திருக்கக்கூட மாட்டேன். கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து எங்களைக் கூப்பிட்டாள்.

சின்னவன் மேஜைக்கு அடியில் இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் நுழைவதற்கு முன்பே நுழைந்து, சுவர்ப் பக்கம் ஒட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டரின் கோட்டு ஜேப்பிலிருந்து வேர்க்கடலையை எடுத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறான். நான் தலையை வெளியே நீட்டிக் கூடத்தை எண்ணினேனே தவிர, என் முதுகுக்குப் பின்னால் எண்ணவில்லை. இன்ஸ்பெக்டருக்கு நான் எண்ணியது கேட்கவில்லை. அபாயம் நீங்கியது என்று சங்கு நீளமாக ஊதியபோது அவன் அம்மா அவன் முதுகில் இரண்டு வைத்தாள்; பிறகு அணைத்துக்கொண்டாள். அப்புறம் நனைந்த வேட்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

“சங்கு ஊதசொல்லோ அல்லாரும் உள்ள ஓடுவான். நீ வெளிய ஓடியாந்தியே நைனா.”

“அது எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சுதும்மா, அதான்.”

“சரி சரி” என்றாள். நம்பவில்லை. இன்ஸ்பெக்டர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, பயிற்சியில்லாவிட்டாலும் தற்காலிகமாக இவரே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, “ஒன்றைச் சேர்த்துவிடும்” என்றார்.

மறுநாள் காலை கதவில் யாரும் தாழ்ப்பாள் போடவில்லை. அதற்கடுத்த நாளும் போடவில்லை. அது எவ்வளவு மோசமான காரியம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். தாழ் போட்ட கதவை வைது தீர்க்கலாம், ஜன்னலை எட்டி உதைக்கலாம். திறந்த கதவை என்ன செய்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை வாசல்வரை வந்தேன். கரையில் சுறாக்காரம்மா ஏலம் கூவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் முதுகு. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, லாபம் என்று தொடங்கினேன். கோடை விடுமுறை என்று ஒன்று உண்டு, சர்க்காரே கொடுக்கிறது என்று சித்திரையில் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். “கடலுக்கு லீவு கீதா வாத்தியாரே?” என்று கேட்டார்கள்.

சங்கு ஊதிய அன்று விமானம் எதுவும் வரவில்லை. மண்டிக்காரரும் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு என்னைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். திரும்பி அதே கூடத்துக்கு வந்தேன், இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். அந்த வருஷம் நான் செய்யாற்றுக்குப் போகவில்லை. என் மனைவி ஆவணியில் குழந்தையோடு ராயபுரம் வந்தாள். நான் முதன்முதலாகப் பார்த்தபோது என் மகள் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, யாரோ வேற்றாள் என்று என்னைப் பார்த்து அழுதாள்.